நல்ல கேஸ்

1

என் கணவரின் மார்பெலும்பு நடுவில் கட்டைவிரலை வைத்து ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். சில நாட்களாக எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஆபீசில் பைல் பார்க்கும்போதும் அதுதான், ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கும்போதும் அதுதான். இத்தனை வருடம் கூட வாழ்ந்த மனிதர், அழுத்தினால் வேண்டாம் என்றா சொல்லப் போகிறார்? ஆனாலும் பயமாக இருக்கிறது. வலிக்கிறது என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். வலிக்கவில்லை என்று சொன்னால் நான் நம்பப் போவதில்லை என்பதும் தெரிகிறது.

ஊரிலிருந்து பேசும்போதெல்லாம், "உங்களுக்கு என்ன கோமதி, டெல்லியில இருக்கீய, பெரிய பெரிய ஆஸ்பத்திரியெல்லாம் கைக்கெட்டுற தூரத்துல" என்று சொல்கிறீர்கள். உண்மைதான். அந்தக் கைக்கெட்டும் தூரத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: நான் மத்திய அமைச்சகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசர். பாளையங்கோட்டையில் பி.காம். முடித்து, பரீட்சை எழுதி, போஸ்டிங் டெல்லி என்று வந்தபோது, இரண்டே வருடத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு ரயில் ஏறியவள். அந்த இரண்டு வருடம் இன்னும் முடியவில்லை. இவர் பெயர் பரமசிவம். பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ் என் பெயரில் இருக்கிறது. பழைய இரண்டு மாடி வீடுகளை இடித்துவிட்டு வானளாவக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்பதாவது மாடியில் காற்றும் வருகிறது, புகையும் வருகிறது.

2

இவருக்கு வந்திருப்பது எலும்பு மஜ்ஜை இறுகிப்போகும் நோய். இரத்தம் உற்பத்தியாவது மஜ்ஜையில். அது வேலைநிறுத்தம் செய்துவிட்டதால் மண்ணீரல் அடிஷனல் சார்ஜ் எடுத்துக்கொண்டது. எங்கள் ஆபீசில் அடிஷனல் சார்ஜ் எடுத்தவர்களைப் போலவே அதுவும் திணறி, வீங்கி, இடது விலாவுக்குக் கீழே ஆரம்பித்து தொப்புளைத் தாண்டி வந்து உட்கார்ந்துகொண்டது.

முதல்முறை ஆஸ்பத்திரிக்குப் போன நாள் நன்றாக நினைவிருக்கிறது. அது மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த பெரிய ஆஸ்பத்திரி. மெட்ரோவில் போய் ஆட்டோ மாற வேண்டும். பெரிய டாக்டர் பஞ்சாபி, தங்கமான மனிதர். இவரைப் படுக்கச் சொல்லி வயிற்றில் கை வைத்தார். வைத்ததும் அவர் முகம் மலர்ந்தது. கதவுப் பக்கம் திரும்பி, "ஆவோ, ஆவோ, எல்லாரும் வாங்க" என்று மாணவர்களைக் கூப்பிட்டார். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கட்டிலைச் சுற்றி நின்று ஒருவர் பின் ஒருவராகக் கை வைத்துப் பார்த்தார்கள். "வெரி குட் கேஸ்" என்றார் டாக்டர். டாக்டர் இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாரே, பெரிதாக ஒன்றும் இருக்காது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு சங்கதி பிடிபட்டது. ஒவ்வொரு தடவையும் புதிதாக ஏதாவது தட்டுப்பட்டால் டாக்டர் எங்களிடம் சொல்வதற்கு முன்னால் மாணவர்களைக் கூப்பிடுவார். கூப்பிடாவிட்டால் எல்லாம் பழையபடிதான் என்று அர்த்தம். நான் இவர் வயிற்றைப் பார்ப்பதை விட்டுவிட்டு கதவைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

இவருக்கோ இதில் ஏகப்பட்ட பெருமை. ஆபீசில் முப்பத்தைந்து வருடம் யாரும் இவரை நல்ல கேஸ் என்று சொன்னதில்லை. வருடாவருடம் இறுதியாண்டுப் பரீட்சைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும்: "பரம்ஜி, இந்தத் தடவையும் வந்துருங்க." பரீட்சையில் மாணவர்களுக்கு ஆளுக்கொரு நோயாளியைக் கொடுத்து, என்ன நோய் என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். இவர் முந்தின நாளே சலூனுக்குப் போய் வருவார். நல்ல சட்டையை எடுத்து வைப்பார். எப்படியும் கழற்றத்தானே போகிறீர்கள் என்று நான் கேலி செய்வேன்.

அந்த வார்டில் ஒரு வழக்கம் உண்டு. வாத்தியார்களுக்கும் தெரிந்த வழக்கம்தான் என்று நினைக்கிறேன். பரீட்சைக்கு வந்து பழகிய நோயாளிகள் பிள்ளைகளுக்கு மெல்ல விடையைச் சொல்லிவிடுவார்கள். பக்கத்துக் கட்டில் பீகார் அம்மாள், "எனக்கு வால்வுல ஓட்டை பேட்டா, இடது பக்கம் சாஞ்சு படுக்கச் சொல்லிக் கேளு" என்பாள். இவர் இன்னும் ஒருபடி மேலே போய், டாக்டர் பாடம் நடத்தக் கேட்டுக் கேட்டு முழு விடையையும் இங்கிலீஷிலேயே மனப்பாடம் செய்து வைத்திருந்தார். மாசிவ் ஸ்ப்ளீன். நோ லிம்ப் நோட்ஸ். நோ ஸ்டெர்னல் டெண்டர்னெஸ். மண்ணீரல் பெரிது, நெறிகட்டி இல்லை; மார்பெலும்பை அழுத்தினால் வலி இல்லை என்பது அந்தக் கடைசி வரி. "கீழேயிருந்து தடவிக்கிட்டு மேலே வா பேட்டா, நேரா மேலே கை வச்சா விளிம்பு கிடைக்காது" என்று முறையும் சொல்லிக் கொடுப்பார். இவர் கையில் எத்தனை பேர் டாக்டரானார்களோ.

3

போன வருடத்துக்கு முந்தின வருடம் வயிறு இன்னும் பெருத்தது. நாலு வாய் சாப்பிட்டால் நிறைந்துவிடும். குனிந்து செருப்பு மாட்ட முடியாது. அதுவரை கொடுத்த மாத்திரைகள் எதுவும் கேட்கவில்லை. அப்போதுதான் பெரிய டாக்டர் எங்களை உட்கார வைத்து, இன்னும் கடைக்கு வராத ஒரு மருந்தைப் பற்றிச் சொன்னார். ஆராய்ச்சியில் சேர்ந்தால்தான் கிடைக்கும். மருந்து வேலை செய்யலாம், செய்யாமலும் போகலாம், வேறு தொந்தரவு வரலாம், நீங்கள் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், உடம்புக்கு ஒத்துவரவில்லை என்று தெரிந்தால் நாங்களே நிறுத்திவிடுவோம் என்று எதையும் மறைக்காமல் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் இவர் மனதில் ஆணி அடித்த மாதிரி தங்கிவிட்டது.

விளக்கப் புத்தகம் எந்த மொழியில் வேண்டும் என்று கேட்டார்கள். இவர் நிமிர்ந்து உட்கார்ந்து "தமிழ்" என்றார். எங்கிருந்தோ வரவழைத்துக் கொடுத்தார்கள். முதல் பக்கத்தைப் படித்துவிட்டு இவர் என்னிடம் நீட்டினார். நான் படித்துவிட்டு இவரிடம் நீட்டினேன். எழுத்தெல்லாம் தமிழ் எழுத்துதான். ஆனால் எந்த ஊரிலும் எந்த மனுஷனும் அப்படிப் பேசியிருக்க மாட்டான். கடைசியில் எங்கள் மகன் கார்த்திக் இங்கிலீஷ் புத்தகத்தைப் படித்து விளக்கினான். அவனும் புசா ரோடு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவன்தான். இப்போது குருகிராமில் வேலை, வீடு, குடும்பம் எல்லாம். தமிழைக் காதில் வாங்கிக்கொள்வான், கண்ணால் வாங்க மாட்டான். "அப்பா, ரிஸ்க் இருக்கு, லேகின் ஆப்ஷனும் இல்ல. அச்சா டாக்டர் ஹை. சேர்ந்துருங்க" என்றான். சம்மதம் கொடுப்பதை வீடியோ எடுத்தார்கள். அதற்கும் இவர் தலை சீவிக்கொண்டார்.

மருந்து வேலை செய்தது. நிஜமாகவே செய்தது. மூன்று மாதத்தில் வயிறு பாதியாக வற்றியது. அரைத் தோசையோடு எழுந்தவர் நாலு தோசை சாப்பிட்டார். ஸ்கேனைப் பார்த்த பெரிய டாக்டர் இவர் முதுகில் தட்டிக் கொடுத்தார். கார்த்திக் கேக் வெட்டினான். சொன்னால் சிரிப்பீர்கள், இவருக்கு உள்ளூரக் கொஞ்சம் வருத்தம்கூட. "இப்படியே வத்திட்டா பரீட்சைக்குக் கூப்பிட மாட்டாங்கல்லா" என்றார்.

மாதம் ஒருமுறை போக வேண்டும். இரத்தம் எடுப்பார்கள். ஆராய்ச்சிப் பிரிவில் இருக்கும் பெண் வரிசையாகக் கேட்பாள். காய்ச்சல் உண்டா, எலும்பு வலி உண்டா, எங்காவது இரத்தம் கசிந்ததா? எல்லாவற்றுக்கும் இவருக்கு ஒரே பதில்: "ஏக்தம் பர்ஸ்ட் கிளாஸ், மேடம்."

இந்தப் பதில் எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாளையங்கோட்டையில் என் அம்மா மூட்டுவலிக்கு டாக்டரிடம் போவாள். "என்னம்மா, மருந்து கேட்டுதா?" என்று அவர் கேட்பார். "நல்லாக் கேட்டுது டாக்டர், இப்பத் தேவலை" என்று சொல்லிவிட்டு, படியைப் பிடித்துப் பிடித்து இறங்கி வருவாள். கேட்கவில்லை என்று எப்படி முகத்துக்கு நேரே சொல்வது, அவர் மனசு என்ன பாடுபடும் என்பாள். வீட்டுக்கு வந்ததும் அந்த வலியைப் பக்கத்து வீடு, எதிர்வீடு எல்லாருக்கும் சொல்வாள், டாக்டர் ஒருவரைத் தவிர. அந்த மரியாதை அங்கே அவள் மூட்டோடு போயிற்று.

பிறகு இந்த வருடம், இரண்டு மாதமாக இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைந்துகொண்டு வந்தன. இந்த மருந்துக்கு அது எதிர்பார்த்ததுதான் என்று அளவைக் குறைத்தார்கள். எலும்பு வலி ஏதாவது உண்டா என்று அன்றைக்கும் கேட்டார்கள். பர்ஸ்ட் கிளாஸ் என்றார்.

அதற்குப் பிறகு ஒருநாள் கார்த்திக் காரில் போனோம். இவர் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, பெல்ட்டுக்கும் மார்புக்கும் நடுவில் உள்ளங்கையைக் கொடுத்துக்கொண்டார். குருகிராம் போய்ச் சேரும்வரை கையை எடுக்கவில்லை. பெல்ட் உறுத்துகிறதாம். அதே வாரம், வெயில் கொளுத்துகிற ஏப்ரலில், வீட்டுக்குள்ளேயே சாக்ஸ் போட்டுக்கொண்டு நடமாட ஆரம்பித்தார். ஏன் என்று கேட்டேன், ஏ.சி. குளிர்கிறது என்றார். ஏ.சி. ஓடவில்லை.

4

இந்த வருடப் பரீட்சைக்கும் போன் வந்தது. சின்னதாகிவிட்ட மண்ணீரலைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம், அதனால் இன்னும் நல்ல கேஸ் என்றாராம் டாக்டர். இவருக்குத் தலைகால் புரியவில்லை. மாத்திரை விவரமெல்லாம் எனக்குத்தான் தெரியும் என்பதால் நானும் லீவு போட்டுவிட்டுப் போய் கட்டிலின் கால்மாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

எங்களுக்கு வந்து சேர்ந்தது ஒல்லியாக ஒரு பெண். வெள்ளைக் கோட்டு தோளில் நிற்கவில்லை. "ஆப் கா... நாம்... க்யா ஹை?" என்று பெயர் கேட்க ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். அந்த இந்தியைக் கேட்டதுமே இவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஏட்டி, நீ எந்த ஊரு?"

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "கடையநல்லூர், அங்கிள்."

"அப்ப என்னத்துக்கு அங்கிள்? மாமான்னு சொல்லு. எனக்கு அம்பாசமுத்திரம்."

பெயர் அபிநயா. நல்ல ரேங்க் எடுத்து இவ்வளவு தூரம் வந்து படிக்கிறாள். எனக்கும் சந்தோஷமாக இருந்ததை மறைப்பானேன். மற்ற பிள்ளைகளுக்கு இந்தியில் கிசுகிசுக்கிறவர், இவளுக்குச் சத்தமாகவே தமிழில் சொன்னார். சுற்றி நிற்கிற யாருக்குப் புரியப் போகிறது? நோயின் பெயர், எப்போது ஆரம்பித்தது, என்ன மருந்து, மண்ணீரல் முன்னே எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று ஒன்று விடாமல் ஒப்பித்தார். அவளும் கெட்டிக்காரி, ஒவ்வொன்றையும் கையால் சோதித்துப் பார்த்துத்தான் மனதில் வாங்கிக்கொண்டாள். கழுத்து, அக்குள், வயிறு எல்லாம் ஆயிற்று. பிறகு மார்பெலும்பின் நடுவில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள்.

இவருடைய இடது கை போய்க் கட்டில் கம்பியைப் பிடித்தது. சாக்ஸுக்குள் கால்விரல்கள் மடங்கின. கால்மாட்டில் இருந்த எனக்கு அது தெரிந்தது.

"வலிக்கா மாமா?"

"இல்லட்டி. உன் நகம் குத்திட்டு. நோ ஸ்டெர்னல் டெண்டர்னெஸ். அதை மறக்காமச் சொல்லிரு. எல்லாப் பிள்ளைகளும் அதைத்தான் விட்டுட்டு மார்க்கைக் கோட்டை விடுது."

அவள் நகத்தைப் பார்த்தாள். ஒட்ட வெட்டியிருந்தது. "காலையும் ஒருக்கப் பாக்கணும் மாமா. சாக்ஸைக் கழட்டவா?"

"நேரம் போகுதுட்டி. வயித்தைத் திருப்பி ஒருக்கப் பாரு, அதுலதான் கேள்வி வரும்."

வெளியூரிலிருந்து வந்த பரீட்சகரும் எங்கள் பெரிய டாக்டரும் வந்து நின்றார்கள். அபிநயா கணீரென்று சொல்லிக்கொண்டு போனாள். வெளியூர்க்காரர் இடைமறித்து, "ஸ்டெர்னல் டெண்டர்னெஸ்?" என்று கேட்டார். அவள் வாயைத் திறந்துவிட்டு நின்றுவிட்டாள். இவரைப் பார்த்தாள்.

"இல்லன்னு சொல்லுட்டி" என்றார் இவர், கூரையைப் பார்த்துக்கொண்டு.

"என்ன சொல்கிறார்?" என்று பெரிய டாக்டர் கேட்டார்.

"தண்ணி கேட்கிறார், சார்" என்றாள் அவள் இங்கிலீஷில். பிறகு வெளியூர்க்காரரிடம் திரும்பி, "இல்லை சார்" என்றாள். குட், என்றார் அவர். யாரோ ஓடிப்போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார்கள். வேண்டாத தண்ணீரை இவர் ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தார். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். அன்றைக்கு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

5

போன ஞாயிற்றுக்கிழமை அபிநயா எங்கள் வீட்டுக்கு வந்தாள். பாஸாகிவிட்டாள். ஊரிலிருந்து வந்த அல்வாவைக் கொண்டுவந்திருந்தாள். இவர் அவளை உட்கார வைத்து, மார்க்கெல்லாம் கேட்டு, தானே பாஸான மாதிரி பூரித்துப் போனார். நான் காபி கலக்க உள்ளே போனேன். அவளும் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள்.

"அத்தை, அன்னைக்கு நான் அமுக்கினப்ப மாமா கட்டில் கம்பியைப் பிடிச்சாங்க. நீங்க பாத்தீயளா?"

பார்த்தேன் என்றேன்.

"அது நகம் குத்தினதில்ல அத்தை. அந்த எலும்பு அமுக்கினா வலிக்கக் கூடாது. வலிச்சா, மண்ணீரல் சின்னதாகிட்டே வந்தாலும் உள்ள ரத்தம் வேற மாதிரி மாறிக்கிட்டு இருக்கலாம்னு அர்த்தம். புத்துநோய் மாதிரி. நிச்சயமாச் சொல்ல எனக்குத் தெரியாது. டெஸ்ட் எடுத்துத்தான் பாக்கணும். ஆனா அடுத்த விசிட் வரைக்கும் விடக் கூடாது அத்தை." குரலைத் தாழ்த்தி, "மாமா காலைப் பாத்தீயளா? சிவப்பா பொடிப் பொடியாப் புள்ளி இருக்கா?" என்று கேட்டாள்.

"சாக்ஸ் போட்டிருக்காக" என்றேன். சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே காதில் விழுந்தது.

அவள் அழுதாள். பெரிய சாரிடம் போய்ச் சொல்ல இரண்டு முறை அவர் அறைக் கதவு வரை போனாளாம். சொன்னால், பரீட்சையில் வலி இல்லை என்று ஏன் சொன்னாய் என்று கேட்பார். இத்தனை வருடப் படிப்பு. திரும்பி வந்துவிட்டாளாம்.

எனக்கு அவள்மேல் கடுங்கோபம் வந்தது. பால் பொங்கி வழிந்ததைக்கூட அணைக்காமல் நின்றேன். உன் மார்க்குக்கு என் புருஷன்தான் கிடைத்தாரா என்று கேட்க வாயெடுத்தேன். ஆனால் அவள் விரல் சரியான இடத்துக்குத்தான் போனது, சரியான கேள்வியைத்தான் கேட்டது. அதை மூடி மறைத்தவர் ஹாலில் உட்கார்ந்து அல்வா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தெரிந்தும் தெரியாதவளாக நான்தான் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன். அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, "நாளையிலேர்ந்து எனக்கு அந்த வார்டுலதான் பயிற்சி அத்தை. கூட்டிட்டு வாங்க. நான் அங்கன இருப்பேன்" என்றாள்.

அவள் போனதும் இவரிடம் நேராகவே கேட்டேன். "நெஞ்செலும்பு வலிக்கா?"

"யார் சொன்னா? அந்தப் பிள்ளையா? இப்பத்தான் பாஸாயிருக்கு, பாக்குற எடமெல்லாம் நோயாத்தான் தெரியும்."

"சாக்ஸைக் கழட்டுங்க."

"ஜல்தியா ஆபீஸ் வேலை ஏதாவது இருந்தாப் போய்ப் பாரு கோமதி."

பிறகு டிவியைப் போட்டார். பார்த்துக்கொண்டே சொன்னார்: "வலிக்குன்னு சொன்னா பேரை எடுத்துருவாங்க. மருந்து போயிரும். மறுபடியும் வயிறு, மறுபடியும் நாலு வாய்ச் சோறு. அதுக்கு மேல குடுக்க அவங்ககிட்ட வேற மருந்து இல்லை, தெரியும்லா உனக்கு?"

தெரியும். சொன்னால் மருந்து போய்விடும், சொல்லாவிட்டால் இவரே போய்விடுவார். இதில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று எங்கள் ஆபீஸ் ரூல் புத்தகம் எதிலும் எழுதியிருக்கவில்லை. கார்த்திக்குக்குப் போன் செய்தேன். "மம்மி, லாஸ்ட் ரிப்போர்ட் ஓகேதானே? ஸ்டூடெண்ட் பேச்சைக் கேட்டு பேனிக் ஆகாதீங்க" என்றான். பேச ஆரம்பித்ததிலிருந்து அம்மா என்று கூப்பிடுகிறவன், பயம் வந்தால் மட்டும் மம்மி என்பான். அவனுக்கும் புரிந்துவிட்டது என்று அதிலேயே தெரிந்தது.

6

இதுவரை எழுதி மூடி வைத்திருந்தேன். இன்று ஹாப் டே லீவு போட்டுவிட்டு மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். இவர் பனியனோடு ஈசி சேரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். மடியில் பேப்பர். வாய் லேசாகத் திறந்திருந்தது. இவ்வளவு வெளுத்துப் போயிருக்கிறாரே, தினமும் பார்க்கிற எனக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று?

பக்கத்தில் மண்டியிட்டேன். முதலில் சாக்ஸைக் கொஞ்சம் இறக்கினேன். கணுக்காலைச் சுற்றி, குங்குமத்தை உதறிவிட்ட மாதிரி பொடிப் பொடியாகச் சிவப்பு. துடைத்தால் போகாது என்று தெரிந்தும் விரலால் துடைத்துப் பார்த்தேன். பிறகு அந்தப் பெண் வைத்த அதே இடத்தில் கட்டைவிரலை வைத்தேன். அழுத்தினேன்.

இவர் கண்ணைத் திறக்காமலே என் விரலைப் பிடித்துக்கொண்டார். இறுக்கிப் பிடித்தார். மூடின கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குப் போயிற்று.

"உனக்கு அமுக்கத் தெரியலை" என்றார். "அந்தப் பிள்ளை இதைவிட மெதுவா அமுக்கினா."

நான் அவர் மடியில் தலையை வைத்து அழுதேன். அவர் என் முடியைத் தடவிக்கொண்டே, நாளைக்குப் போவோம் என்றார். அந்தப் பிள்ளை பேரை மட்டும் இதில் இழுக்காதே என்றார்.

7

போய்விட்டு வந்தோம். இதை எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

நாள் குறிக்காமல் வந்து நின்ற எங்களைப் பார்த்துப் பெரிய டாக்டருக்கு ஆச்சரியம். "ஆயியே பரம்ஜி, கைஸே ஹைன்?" என்றார். சுற்றிலும் வழக்கம்போல மாணவர்கள், புது பேட்ச். அவர்களுக்குப் பின்னால் அபிநயா, கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு, என்னைப் பார்க்காமல் நின்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் தானே போய்ப் படுத்துக்கொண்டார். சட்டைப் பொத்தான்களைத் தானே கழற்றினார். சாக்ஸையும் கழற்றிச் சுருட்டி என்னிடம் கொடுத்தார்.

டாக்டர் கால்களைப் பார்த்தார். பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். மார்பில் கட்டைவிரலை வைத்தார்.

"தர்த் ஹோதா ஹை?" வலிக்கிறதா என்று கேட்டார்.

பர்ஸ்ட் கிளாஸ் என்ற சொல் இவர் உதடு வரைக்கும் வந்ததை நான் பார்த்தேன். டாக்டர் முகத்தைப் பார்த்தார். பிறகு, அத்தனை தலைகளுக்கும் நடுவில் எட்டி, அபிநயாவைப் பார்த்தார்.

"வலிக்குட்டி" என்றார்.

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. "பானி?" என்று கேட்டார். பரீட்சை நாளை அவரும் நினைவு வைத்திருந்தார். ஒரு பையன் தண்ணீர் எடுக்கத் திரும்பினான்.

"தண்ணி இல்லை சார்" என்றாள் அபிநயா, இங்கிலீஷில். பிள்ளைகளை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "வலிக்கிறது என்கிறார். பரீட்சை அன்றைக்கும் வலித்தது, சார். அன்றைக்கு நான் தப்பாகச் சொன்னேன்."

டாக்டர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் விரலைக் கொஞ்சம் நகர்த்தினார். இன்னும் லேசாக ஒருமுறை, வேறொரு இடத்தில் அழுத்தினார். இவர் முகம் சுளித்தது. நான் பழக்கதோஷத்தில் கதவைப் பார்த்தேன். ஆவோ, ஆவோ என்று கூப்பிடுவார், பிள்ளைகள் நெருங்கி வந்து கை வைப்பார்கள் என்று காத்திருந்தேன்.

டாக்டர் மாணவர்கள் பக்கம் திரும்பினார். எல்லாரும் கொஞ்சம் வெளியே இருங்கள் என்று தணிந்த குரலில் சொன்னார். அவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். கடைசியில் அபிநயாவும் போனாள். அவரே போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் அவர் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை.

இவர் படுத்தபடியே சாத்தின கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பிள்ளைகளை எதுக்குக் கோமதி வெளிய அனுப்புதாரு?" என்று கேட்டார்.

நான் அவர் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டேன்.